கொப்பியில் இல்லாத நிரல்

பண்டிதனுக்கும் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. என் வாழ்நாளில் நான் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு சதமேனும் கட்டியவன் அல்லன். குதிரை ஏறியவனும் அல்லன். புறத்திணையிலே குதிரை மறம் என்னுந் துறையைப் படிப்பித்ததோடு எனக்கும் அவ்விலங்குக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. ஆயினும் சென்ற மூன்று மாதமாக, திருத்தவேண்டிய கொப்பிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இங்கிலாந்து தேசத்துச் சவாரிக்காரரின் வெற்றி தோல்விகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை இவ்வழியிலே திருப்பிவிட்டவர் எமது கல்லூரியின் கணக்காசிரியர்.

எமது கல்லூரி சிறியது. கீழைத்தேய மொழிகளுக்கென்று எழுந்த நிலையம் ஆதலால் இலக்கணத்துக்கு நால்வர் இருப்பர்; கணக்குக்கு ஒருவரே. அந்த ஒருவர் நல்லவர், நாற்பது வயதுக்கு உட்பட்டவர், பெருக்கலையும் வகுத்தலையும் கடதாசியின்றி மனத்தாலேயே செய்து முடிப்பவர். பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு எடுத்து, அது முடிந்ததும் சந்தியிலுள்ள பந்தயக் கடைக்குப் போவார் என்பது எல்லாருக்குந் தெரிந்த இரகசியம். இங்கிலாந்திலே கோடைகாலத்திற் பகல் இரண்டு மணிக்குக் குதிரை புறப்படும்போது இங்கே மாலை ஆறரை. ஆசிரியத் தொழிலுக்கு இவ்வளவு இசைவான நேரத்தைச் சூரியபகவானே வகுத்துக் கொடுத்திருக்கின்றார்.

கொழும்பிலே 1893இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல், யுத்த காலத்தில், 1942இலே, விமானத் தளமாயும் உதவிற்று. 1956இலே அங்கே குதிரையோட்டம் நின்றது. ஓட்டம் நின்றதேயன்றிக் காசு கட்டும் பழக்கம் நிற்கவில்லை. நுவரெலியாவிற் சித்திரைப் பருவத்தில் ஓடும் சில குதிரைகளை விட்டால், நம்மவர் பெரும்பாலும் காசு கட்டுவது தாம் ஒருபோதும் மிதியாத மண்ணிலே, தாம் நேரிற் காணாத குதிரைகளின்மேலேயாம்.

சென்ற தவணை முடிவில் ஒருநாள் கணக்காசிரியர் என்னிடம் ஐம்பதாயிரம் ரூபா கடன் கேட்டார். சங்கத்துக் கடன் ஏற்கெனவே எடுத்தாயிற்று. மனைவியார் கட்டிவந்த சீட்டுக் காசும் போயிற்று. இவற்றை அவர் மறைக்கவில்லை. மறையாது சொன்னதோடு அமையாமல் ஓர் அப்பியாசக் கொப்பியையும் என்முன் விரித்து வைத்தார்.

“பண்டிதரையா, இது சூது அல்ல. தெரியாமல் ஆடுவதுதான் சூது. நான் எண்ணி ஆடுகிறேன்” என்றார்.

கொப்பியைப் பார்த்தேன். றயன் மூர், ஒய்சின் மேர்பி முதலிய சவாரிக்காரர் பெயர்கள் முத்துப்போன்ற எழுத்திலே இடப்பக்கத்தில் இருந்தன. அவற்றுக்கு நேரே மூன்று நிரல்கள்: ஏறிய சவாரிகள், வென்ற சவாரிகள், நூற்றுவீதம். நூற்றுக்கு இருபதுக்கு மேல் வென்றவர் பெயரின்கீழே சிவப்புக் கோடு. மைதானந்தோறும் ஒரு பக்கம்; குதிரை பழக்குநர் இன்னாரோடு இன்ன சவாரிக்காரர் சேர்ந்தால் என்ன வீதம் என்பதற்கு வேறொரு பக்கம். எம் மாணவருள் ஒருவரேனும் இத்துணை ஒழுங்காகக் கொப்பி வைத்ததை நான் கண்டதில்லை.

அவர் கொள்கை இது: “குதிரை இன்றைக்கு ஓடும், நாளைக்கு நொண்டும். மழை பெய்தால் நிலம் மாறும். மாறாமல் இருப்பவன் மேலே இருக்கிறவன்தான். அவனை எண்ணினாற் போதும்.” இவ்வளவோடு விட்டிருந்தால் நான் இரண்டு புத்தி சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் விடவில்லை. “நீங்கள் படிப்பிக்கிற நளன் கதையே எனக்குச் சாட்சி, ஐயா. எண்ணத் தெரியாத மட்டும் நளன் தோற்றான். இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்றபின் வென்றான். இல்லையா?” என்றார்.

என் ஆயுதத்தையே எடுத்து என்மேல் எறிந்துவிட்டார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. தேரோட்டியாய் வாகுகன் என்னும் பெயரோடு மறைந்திருந்த நளன், இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு விதர்ப்ப நாட்டுக்குப் போகின்றான். வழியிலே நின்ற ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளிலே 2,095 காய்கள் உள்ளன என்று அரசன் இருந்தபடியே சொல்கின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கின்றான், கணக்குச் சரி. இது வியாச பாரதத்து ஆரணிய பருவத்திலே வரும் வரலாறு. அதன்பின் இருவரும் வித்தையை மாற்றிக்கொள்கின்றனர். குதிரையின் உள்ளம் அறிந்தவன் அதனைக் கொடுத்து, எண்ணின் உள்ளத்தை வாங்கினான். குதிரையும் எண்ணும் ஒரே கதையிலே இப்படிக் கைமாறியதைப் பல ஆண்டுகள் படிப்பித்தும், அதனைப் பந்தயக் கடையோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கணக்காசிரியருக்குத் தோன்றியது.

உடனே விடை சொல்ல இயலவில்லை. கடன் தருவேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொப்பியையும், அவர் அதற்கு ஆதாரமாகக் கொண்ட ஆங்கிலப் பந்தயத் தாள்கள் சிலவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சூதைப் பழிப்பது எளிது. எனினும் வள்ளுவர் சூதை அறத்துப்பாலிலே வைத்தாரில்லை. பொருட்பாலிலே, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்தார். நானும் இதனைப் பொருட்கணக்காகவே பார்க்கத் துணிந்தேன். கணக்கு வைத்திருப்பவரிடம் அறத்தைக் கொண்டுபோனால், அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு மாலை ஆறரைக்குக் கடைக்குப் போய்விடுவார்.

சவாரிக்காரனின் வெற்றி வீதம் எதனை அளக்கின்றது? இதுவே முதற் கேள்வி. அவன் திறமையை என்று கொப்பி சொல்கின்றது. இங்கிலாந்துப் பந்தய வரலாறு வேறு சொல்கின்றது. கோர்டன் றிச்சட்ஸ் என்பவர் இருபத்தாறு முறை அந்நாட்டின் முதன்மைச் சவாரிக்காரராய் விளங்கியவர். 4,870 வெற்றிகள் அவருடையன. 1947ஆம் ஆண்டில் மாத்திரம் 269 முறை வென்றார். இத்தகையவர் டேர்பிப் பந்தயத்திலே இருபத்தேழு முறை ஏறி இருபத்தேழு முறையும் தோற்றார். இருபத்தெட்டாம் முறை, 1953இலே, முடிசூட்டு விழா நடந்து நான்காம் நாள், பின்ஸா என்னுங் குதிரையின்மேல் வென்றார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தை லெஸ்டர் பிக்கொட் என்ற பதினெட்டு வயதுப் பையன், ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்று யாரும் மதியாத குதிரையை ஏறி வென்றான். முதன்மை பிக்கொட்டுக்கு வாய்த்தது பதினொரு முறையே. டேர்பி வாய்த்ததோ ஒன்பது முறை. மொத்த வெற்றியை எண்ணிக் காசு கட்டியவர் றிச்சட்ஸின் பின்னாலே இருபத்தேழு ஆண்டு டேர்பிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். றிச்சட்ஸுக்குத் திறமை குறைந்ததா? அப்படி யாருஞ் சொல்லவில்லை. அன்றன்று கீழே இருந்த குதிரை வேறு, அவ்வளவே.

தாண்டோட்டத்திலே ரொனி மக்கோய் என்பவர் தொடர்ந்து இருபது ஆண்டு முதன்மை பெற்றவர். மாபெரும் பந்தயமாகிய கிராண்ட் நஷனல் அவருக்கு 2010இலேதான், பதினைந்தாம் முயற்சியிலே, கைகூடிற்று.

நல்ல சவாரிக்காரனை நல்ல குதிரை தேடி வருகின்றது. நல்ல குதிரையிலே ஏறியதால் அவன் வீதம் உயர்கின்றது. வீதம் உயர்ந்ததால் இன்னும் நல்ல குதிரைகள் வருகின்றன. இந்தச் சக்கரத்திலே எவ்வளவு மனிதனுடையது, எவ்வளவு விலங்கினுடையது என்று பிரித்தெடுக்க மூன்று நிரற் கொப்பியால் ஆகாது. ஆசிரியராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலிலே முன்வந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பெரிய கல்லூரி, உயர்தரப் பெறுபேறு வந்ததும் வாயிலிலே பதாகை கட்டுகின்றது. எஞ்சிய பிள்ளைகளை வைத்து உழைக்கின்ற கிராமத்து ஆசிரியருக்குப் பதாகை இல்லை. சில வேளை விளக்கக் கடிதம் உண்டு. ஏறிய குதிரையை மறந்துவிட்டுச் சவாரிக்காரனை அளக்கும் வழக்கம் பந்தயக் கடையோடு நிற்பதன்று.

சவாரிக்காரனே குதிரையைத் தெரிந்துகொள்ளும் வேளைகளும் உண்டு. ஒரே பழக்குநரிடமிருந்து பல குதிரைகள் ஓடும்போது முதன்மையானவர் எதில் ஏறுகிறார் என்று எல்லாரும் பார்ப்பர். 2017 டேர்பியிலே எய்டன் ஓ பிறையன் என்ற பழக்குநரின் குதிரைகளுள் றயன் மூர் ஏறியது கிளிவ்ஸ் ஒவ் மோகர். அது இரண்டாவதாக வந்தது. வென்றது அதே இலாயத்துக் குதிரையாகிய விங்ஸ் ஒவ் ஈகிள்ஸ். விலை ஒன்றுக்கு நாற்பது. ஏறியவர் பெயர் எமது கணக்காசிரியரின் கொப்பியில் இல்லை.

சிறு எண்களின் மயக்கம் இன்னொன்று. ஒரு மைதானத்திலே நான்கு சவாரி, இரண்டு வெற்றி. நூற்றுக்கு ஐம்பது என்று சிவப்புக் கோடு இரட்டையாய் இழுக்கப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பத்து வெல்லத்தக்க ஒருவன், தகுதியில் அணுவளவும் மாறாமலே, ஒரு நூறிலே ஐந்தும் அடுத்த நூறிலே பதினைந்தும் வெல்லலாம். முந்திய மாதம் அவனை விட்டு விலகியவரும் இந்த மாதம் அவனை நாடி ஓடியவரும் ஒரே மனிதனைத்தான் கண்டனர். இதனை நான் கணக்காசிரியருக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நாணயத்தைச் சுண்டிப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு காட்டுபவர் அவர். கரும்பலகையிலே அறிந்ததைக் கடைவாயிலிலே மறந்துபோகச் செய்தது எது என்பதே என் வியப்பு.

பயிலுநர் கதை சுவையானது. இங்கிலாந்தின் சமதள ஓட்டத்திலே புதிதாய்ச் சவாரி பழகும் பையனுக்குச் சுமையிலே தள்ளுபடி உண்டு. இருபது வெற்றி பெறும்வரை ஏழு இறாத்தல், ஐம்பது பெறும்வரை ஐந்து, தொண்ணூற்றைந்து பெறும்வரை மூன்று. கைத்திறன் குறைவை முதுகுப் பாரத்தாலே ஈடு செய்கின்ற ஏற்பாடு. வீதம் குறைந்தவன் என்று கொப்பி தள்ளிவிடும் பையனைச் சுமந்த குதிரை, ஏழு இறாத்தல் இலேசாக ஓடுகின்றது. நிரல் அதனையுஞ் சொல்லாது.

இவ்வளவும் இருக்க, நான் கொப்பியிலே கண்ட பெரிய குறை இவற்றுள் ஒன்றன்று. பந்தயத் தாள்களை வைத்துக்கொண்டு கொப்பியோடு ஒப்புநோக்கினேன். பண்டிதனுக்குத் தெரிந்த தொழில் பாடபேதம் பார்ப்பதுதானே. தாளிலே நான்கு நிரல்கள் இருந்தன. கொப்பியிலே மூன்று. நான்காவது நிரல் என்னவென்றால், அந்தச் சவாரிக்காரர் ஏறிய ஒவ்வொரு குதிரைமேலும் ஒவ்வொரு பவுண் கட்டியிருந்தால் முடிவிலே எவ்வளவு கூடியிருக்கும், எவ்வளவு குறைந்திருக்கும் என்பது. பேர்பெற்றவர் பலருக்கு நேரே அங்கே கழித்தற் குறி இருந்தது.

மறுநாள் கேட்டேன்: “தம்பி, இந்த நான்காவது நிரலை ஏன் விட்டீர்?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அது எப்பவும் கழித்தலாகத்தான் இருக்கும், ஐயா. அதாலே விட்டேன்” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காகவே அவரிடம் எனக்கு மதிப்புக் கூடிற்று.

எத்தனை முறை வென்றான் என்பதும் எவ்வளவு விலைக்கு வென்றான் என்பதும் வேறு வேறு. ஒருவன் நூற்றுக்கு இருபத்தைந்து வெல்கின்றான் என்று கொள்வோம். அவன் பேருக்காகவே எல்லாரும் காசு கட்டுவதால் விலை ஒன்றுக்கு இரண்டாய்ச் சுருங்குகின்றது. ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாவாக நூறு சவாரிக்குப் பதினாயிரம் கட்டியவர் 7,500 ரூபா பெற்று வீடு திரும்புவார். மற்றொருவன் எட்டே வெல்கின்றான். அவனை யாரும் கருதாமையால் விலை ஒன்றுக்குப் பதினான்கு. அதே பதினாயிரத்துக்கு 12,000 வரும். சிவப்புக் கோடு முதலாமவனுக்கு, காசு இரண்டாமவனிடம். கடைக்காரரும் அந்த வீதங்களை அறிவார். பந்தயத் தாளை வாங்கும் பல்லாயிரவரும் அறிவர். எல்லாரும் அறிந்ததொன்று விலைக்குள்ளே ஏற்கெனவே புகுந்துவிடுகின்றது. சந்தையிலே மீன் நல்லதென்று எல்லாருக்குந் தெரிந்தால் விலை குறையுமா?

இதற்கு 1996 செப்டெம்பர் 28ஆம் நாள் அஸ்கொட் மைதானத்திலே நடந்ததைப் போன்ற சான்று வேறில்லை. அன்று ஏழு பந்தயம். பிராங்கி டெட்டோரி என்னும் சவாரிக்காரர் ஏழிலும் ஏறினார். முதல் ஆறையும் வென்றார். ஏழாவதிலே அவருக்கு வாய்த்த குதிரை புஜியாமா கிறெஸ்ட். காலையிலே அதன் விலை ஒன்றுக்குப் பன்னிரண்டு. பின்னேரம் புறப்படும்போது ஒன்றுக்கு இரண்டு. குதிரை அதே குதிரை. தூரம் அதே தூரம். ஏறியவரும் காலையிலே குறித்திருந்த அவரே. இடையிலே கூடியது நம்பினோர் தொகை. அன்று அது கழுத்தளவு முந்தி வென்றது. ஏழையும் தொடுத்துக் கட்டியவருக்கு ஒன்றுக்கு இருபத்தையாயிரத்துக்கு மேற் கிடைத்தது. வென்றது உண்மை. ஆயினும் பன்னிரண்டு பெறும் பொருளை இரண்டுக்கு வாங்கியவர், வென்றாலும் விலை கொடுத்து ஏமாந்தவரே. அந்நாளின் புகழை எண்ணிப் பின்வந்த நாட்களிலும் டெட்டோரி பெயருக்கே காசு கட்டியவர்கள் அந்தப் புகழுக்கும் சேர்த்து விலை கொடுத்தனர்.

கடைக்காரரின் பங்கையும் சொல்லவேண்டும். ஒத்த வலியுள்ள மூன்று குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரிய விலை ஒன்றுக்கு இரண்டு. கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்றரை தருவார். மூன்றின்மேலும் நூறு நூறாக முந்நூறு கட்டினால் எது வென்றாலும் வருவது 250. ஐம்பது ரூபா அவரிடம் நின்றுவிடும். ஆகவே கொப்பி வைத்திருப்பவர் மற்றையோரிலும் சிறிது அதிகம் அறிந்தாற் போதாது. கடைக்காரர் கழித்துக்கொள்ளும் பங்கையும் தாண்டி அறியவேண்டும்.

எண்ணி வென்றவர் எவருமே இலரோ என்றால், உளர். ஹொங்கொங்கிலே 1980களின் நடுவிலிருந்து பில் பென்டர் என்ற அமெரிக்கர் கணினி கொண்டு குதிரைகளை எண்ணிப் பெரும் பொருள் ஈட்டினார். தன் முறையை 1994இலே ஒரு கட்டுரையாகவும் எழுதிவைத்தார். அவ்வூர் அதற்குத் தக்க ஊர். இரண்டே மைதானங்கள், சுமார் ஆயிரம் குதிரைகள், திரும்பத் திரும்ப அதே சவாரிக்காரர். அங்கேயும் அவர் சவாரிக்காரனை மாத்திரம் எண்ணவில்லை. குதிரையின் முன்னைய ஓட்டம், சுமை, தூரம், நிற்கும் இடம் என்று பலவற்றுள் அவனும் ஒருவன். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தன் கணக்கை மாத்திரம் நம்பியபோது அது தன் குதிரைகளை மிகைப்படுத்திச் சொல்வதை அவர் கண்டார். பொதுமக்கள் வைத்த விலையையும் அதனோடு கலந்தபின்னரே கணக்கு உண்மையை நெருங்கிற்று. பல ஆண்டுகள், பல இயந்திரங்கள், கூலிக்கு ஆட்கள் இவ்வளவும் இருந்தவர், தாம் அறியாதது விலைக்குள்ளே இருக்கும் என்று பணிந்தார். எமது ஆசிரியரோ விலை எழுதிய நிரலையே வெட்டிவிட்டார்.

இனி நளனுக்கு வருவோம். விடை சொல்லாமல் விட்டால் நாளை வகுப்பிலே நளவெண்பாவை எடுக்க எனக்கு வாய் வராது. இருதுபன்னன் எண்ணியது கண்முன்னே நின்ற மரத்தை. அம்மரத்தடியிலே முன்னர் நின்ற தேரோட்டிகள் எத்தனை முறை வென்றனர் என்று எண்ணிக் காயின் தொகையைச் சொல்லவில்லை. சொன்ன தொகையை நளன் அப்போதே சரிபார்த்தான். எண் வித்தையைப் பெற்றபோது குதிரை வித்தை அவனிடம் முன்னரே இருந்தது. எமது நண்பருக்குக் குதிரை என்றால் அச்சடித்த பெயர். அன்றியும் நளன் புட்கரனோடு மறுமுறை ஆடியது ஒரே ஆட்டம். நாடு முழுவதையும் ஒரே எறிவிலே வைத்து மீட்டான். பின்னர் நாள்தோறும் மாலை ஆறரைக்குப் போய் ஆடினான் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. புட்கரன் ஒவ்வோர் எறிவுக்கும் முந்நூற்றுக்கு ஐம்பது கழித்துக்கொண்டதாகவும் கதை இல்லை.

இவற்றையெல்லாம் அவருக்கு ஒரு பின்னேரம் சொன்னேன். புட்கரன் கழிவுக்குச் சிரித்தார். கடன் கேட்ட காசை நான் அவர் கையிற் கொடுக்கவில்லை. சங்கத்திலே நிலுவையாய் நின்ற இரண்டு தவணையை நேரே கட்டிவிட்டு, பற்றுச்சீட்டை அவர் மேசையில் வைத்தேன். அது அவருக்கு மானக்குறைவாய் இருந்தது. ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. செய்தது சரிதானா என்று எனக்கே இன்னும் ஐயம். ஒன்று மாத்திரம் கேட்டுக்கொண்டேன்: எண்ணுவதை நிறுத்தவேண்டாம், நான்காவது நிரலைச் சேர்த்து, காசு கட்டாமல், கட்டியதாக மூன்று மாதம் எழுதிப் பாரும் என்றேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இடைவேளையிலே கொப்பியை என் பக்கமாகத் தள்ளினார். அதே முத்தெழுத்து, சிவப்புக் கோடுகள் இல்லை. நான்காம் நிரல் பெரும்பாலும் கழித்தற் குறியாலே நிரம்பியிருந்தது. 

“ஒருவனுக்கு மாத்திரம் இந்த வாரம் நல்ல கூட்டல், ஐயா” என்றார். குரலிலே பழைய ஆசை சிறிது எட்டிப் பார்த்தது.

“எத்தனை சவாரி?” என்று கேட்டேன்.

“ஏழு” என்று சொல்லிவிட்டு, தாமே சிரித்து, கொப்பியை மூடினார். மணி அடித்தது, இருவரும் வகுப்புக்குப் போனோம்.